முதல் பிட் தலையெழுத்து அல்ல!

உன்னை எந்த வகுப்பில் சேர்த்து வைத்திருக்கிறார்கள், தம்பி? உன் பெயருக்கு முன்னால் எந்த முத்திரையைக் குத்தியிருக்கிறார்கள், தங்கையே?

"அரசுப் பள்ளிப் பிள்ளை." "தமிழ் மீடியம்." "டயர்-3 காலேஜ்." "வீட்டிலேயே முதல் பட்டதாரியா? அப்ப கொஞ்சம் கஷ்டம்தான்."

வேலை தேடிப் போகும் இடத்தில் உன் பயோடேட்டாவின் முதல் இரண்டு வரிகளைப் பார்க்கிறார்கள். ஊர், கல்லூரி. அதற்குக் கீழே நீ என்னென்ன செய்து காட்டியிருக்கிறாய் என்று எழுதியிருப்பதைப் படிக்குமுன் அவர்கள் கண் அடுத்த தாளுக்குத் தாவிவிடுகிறது.

அவர்கள் அப்படிப் பார்ப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நீயும் அதை நம்பத் தொடங்கிவிட்டாயே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை! "நமக்கு விதித்தது இவ்வளவுதான்" என்று விண்ணப்பம் போடாமலே விட்ட வேலைகள் எத்தனை? கை தூக்காமலே கழிந்த வகுப்பறைகள் எத்தனை? யாரோ எப்போதோ போட்ட கோட்டுக்குள் நீயாகவே காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாயே, ஏன்?

ஒரு வரலாறு சொல்கிறேன், கேள். நீ தினமும் கையில் வைத்து உருட்டும் இணையமும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. முதல் சில பிட்டுகளைப் பார்த்தே ஒரு முகவரி பெரிய இடமா, சின்ன இடமா என்று முடிவுகட்டியது. ஏ, பி, சி என்று வகுப்புப் பிரித்தது. அந்தப் பிரிவினை பத்தே ஆண்டுகளில் இணையத்தின் கழுத்தை நெரித்தது. பொறியாளர்கள் அதைக் கிழித்துப் போட்டார்கள். கிழித்த பிறகுதான் இணையம் உன் தெருவரை வந்தது.

1981-ல் கிழித்த கோடு

இணையத்தில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐபி முகவரி வேண்டும். அன்று வகுத்த முகவரி 32 பிட் நீளம். ஒவ்வொரு பிட்டும் பூஜ்யம் அல்லது ஒன்று. நாம் படிப்பதற்காக அதை எட்டு எட்டாக வெட்டி, 192.168.1.5 என்பதுபோல் நான்கு எண்களாக எழுதுகிறோம். மொத்தம் 429 கோடியே 49 லட்சம் முகவரிகள்.

இந்த 32 என்ற கணக்கை 1977-ல் முடிவுசெய்தவர் வின்ட் செர்ஃப். கணினிகள் இணையத்தில் பேசிக்கொள்ளும் விதிகளான டிசிபி/ஐபி-யைப் பாப் கானுடன் சேர்ந்து வடிவமைத்தவர். அவருக்குச் சிறுவயதிலிருந்தே காது சரியாகக் கேட்காது. காதுக்கருவி அணிந்து வளர்ந்தவர். உலகமே ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வழி அமைத்தவர் யார் என்று பார்த்துக்கொள்! ஒரு சோதனை முயற்சிக்கு 32 பிட் போதும் என்றுதான் அன்று நினைத்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தச் சோதனைதான் உலகமாகிவிட்டது. பெரிய மூளைகளே தங்கள் வேலை எவ்வளவு தூரம் போகும் என்பதைக் குறைத்து எடைபோட்டிருக்கின்றன. உன் எதிர்காலத்தை ஒரு மதிப்பெண் பட்டியலைப் பார்த்து ஒருவர் சொல்லிவிட முடியுமா?

முகவரிக்கு இரண்டு பகுதிகள். முன்பகுதி எந்த நெட்வொர்க் என்று சொல்லும். பின்பகுதி அந்த நெட்வொர்க்குக்குள் எந்தக் கணினி என்று சொல்லும். தொடக்கத்தில் முன்பகுதிக்கு 8 பிட்தான் கொடுத்திருந்தார்கள். அப்படியானால் உலகம் முழுவதற்கும் 256 நெட்வொர்க்குக்கு மேல் இடமே இல்லை. 1981 செப்டம்பரில் ஜான் போஸ்டல் தொகுத்து வெளியிட்ட ஆர்எஃப்சி 791 ஆவணம் அதை மாற்றி, மூன்று அளவுகளை வைத்தது.

நம் எஸ்டிடி எண்களை நினைத்துப் பார், உடனே பிடிபடும். முன்னால் வரும் பூஜ்யத்தை விட்டுவிட்டால் சென்னைக்கு 44, உள்ளூர் எண் எட்டு இலக்கம். மதுரைக்கு 452, உள்ளூர் எண் ஏழு இலக்கம். ராமநாதபுரத்துக்கு 4567, உள்ளூர் எண் ஆறே இலக்கம். எதைக் கூட்டினாலும் பத்துதான். ஊர் பெரிதானால் முன்னெண் குட்டை, உள்ளே இடம் தாராளம். ஊர் சிறிதானால் முன்னெண் நீளம், உள்ளே இடம் நெருக்கடி.

ஐபி முகவரியிலும் அதே கணக்கு. முதல் பிட் பூஜ்யமா? அது கிளாஸ் ஏ. முதல் எண் 1 முதல் 126 வரை இருக்கும். நெட்வொர்க்குக்கு 8 பிட், கணினிகளுக்கு 24 பிட். ஒரு நெட்வொர்க்குக்குள் 1,67,77,214 கருவிகள் இருக்கலாம்.

முதல் இரண்டு பிட் 10 என்றால் கிளாஸ் பி. 128 முதல் 191 வரை. மொத்தம் 16,384 நெட்வொர்க்குகள்; ஒவ்வொன்றிலும் 65,534 கருவிகள்.

முதல் மூன்று பிட் 110 என்றால் கிளாஸ் சி. 192 முதல் 223 வரை. இருபது லட்சத்து 97 ஆயிரத்து 152 நெட்வொர்க்குகள். ஒவ்வொன்றிலும் வெறும் 254 கருவிகள்.

பங்கீட்டைக் கவனித்தாயா? மொத்த முகவரிகளில் ஏறக்குறைய பாதி கிளாஸ் ஏ-யின் 126 நெட்வொர்க்குகளுக்குப் போனது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கிளாஸ் சி நெட்வொர்க்குகள் எட்டில் ஒரு பங்கைப் பங்குபோட்டுக்கொண்டன. எங்கேயோ கேட்ட கணக்குபோல் இருக்கிறதா?

முதலில் வந்தவன் பெற்ற பங்கு

அந்த 126 இடங்கள் யாருக்குக் கிடைத்தன? 9 ஐபிஎம்முக்கு. 13 ஜெராக்ஸுக்கு. 17 ஆப்பிளுக்கு. 18 எம்ஐடி பல்கலைக்கழகத்துக்கு. 19 கார் தயாரிக்கும் ஃபோர்டு நிறுவனத்துக்கு. ஒவ்வொருவர் கையிலும் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள்!

பெரிய நிறுவனங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் இவ்வளவு முகவரி கையில் வந்ததற்கு அவர்களின் அறிவைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. கேட்கும் வரிசையில் அவர்கள் முன்னால் நின்றார்கள். அன்று முகவரிக்கு விலை கிடையாது, தட்டுப்பாடும் கிடையாது.

உனக்கு முன்னால் ஓடுகிறவனைப் பார்த்து மலைக்கிறாயே, அவன் எந்த இடத்திலிருந்து ஓடத் தொடங்கினான் என்று பார்த்தாயா? அவன் அப்பா ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடுகிறவர். அவன் வீட்டில் அவன் பிறக்கும் முன்பே கணினி இருந்தது. அவன் சீக்கிரம் வந்தான், அவ்வளவுதான். சீக்கிரம் வந்தது ஒரு வசதி. வசதியைத் திறமை என்று நீ தப்புக்கணக்குப் போடாதே. பொறாமையும் படாதே, அதற்குச் செலவிடும் நேரம் உனக்குத்தான் நஷ்டம்.

இந்தக் கதையின் மறுபக்கத்தையும் கேள். தன்னிடமிருந்த 1.6 கோடி முகவரிகளில் சுமார் 1.4 கோடி ஒருநாளும் பயன்படுத்தப்படவே இல்லை என்று 2017-ல் எம்ஐடி அறிவித்தது. ஒரு பெரும்பகுதியை விற்கவும் முடிவெடுத்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் தன் கையிலிருந்த கிளாஸ் ஏ நெட்வொர்க்கை 2000-ல் திருப்பியே கொடுத்துவிட்டது.

பெரிய வகுப்பு கிடைத்தவர்களால் அதை நிரப்ப முடியவில்லை! 254 இடம் கிடைத்து அத்தனையையும் நிரப்பியவன் பெரியவனா, கோடிக்கணக்கில் கிடைத்து வெற்றிடமாக வைத்திருந்தவன் பெரியவனா? உனக்குக் கிடைத்தது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை நிரப்பிவிட்டாயா? முதலில் அதற்குப் பதில் சொல்.

போதாத சி, பாழான பி

ஒரு கல்லூரியில் 600 கணினிகள். கிளாஸ் சி கேட்டால் 254-தான். போதாது. கிளாஸ் பி கேட்டால் 65,534. அறுநூறு போக மிச்சம் அறுபத்து நான்காயிரத்துக்கு மேல் பாழ். நடுவில் ஒன்றுமே இல்லை. ஆகவே எல்லோரும் பி கேட்டார்கள். பி-யின் மொத்தக் கையிருப்போ 16,384.

1990 ஆகஸ்டில் கனடாவின் வான்கூவர் நகரில் இணையப் பொறியாளர்கள் கூடினார்கள். ஃப்ராங்க் சொலென்ஸ்கி என்பவர் கணக்குப் போட்டுக் காட்டினார். இதே வேகத்தில் போனால் 1994 மார்ச்சுக்குள் கிளாஸ் பி தீர்ந்துவிடும்!

சரி, பி-க்குப் பதில் மூன்று நான்கு சி கொடுத்தால்? வேறொரு ஆபத்து எழுந்தது. ஒவ்வொரு சி-க்கும், தகவலுக்கு வழிகாட்டும் கருவிகளான உலகத்தின் முதுகெலும்பு ரௌட்டர்கள் தங்கள் அட்டவணையில் தனித்தனியாக ஒரு வரி எழுதியாக வேண்டும். இருபது லட்சம் வரிகளைத் தாங்கும் நினைவகம் அன்றைய ரௌட்டர்களுக்கு இல்லை. ஒரு பக்கம் முகவரி தீர்கிறது. இன்னொரு பக்கம் அட்டவணை வீங்குகிறது.

முகவரிகள் தீர்ந்துபோய் இந்த நெருக்கடி வரவில்லை. கோடிக்கணக்கில் சும்மாதான் கிடந்தன. வகுப்பு என்ற வேலி அவற்றைத் தேவைப்பட்டவனிடம் போகவிடாமல் தடுத்தது. ஒரு சமூகமும் இப்படித்தான் நலிகிறது. திறமைக்குப் பஞ்சம் வருவதில்லை. திறமை எங்கே இருக்க முடியும், எங்கே இருக்க முடியாது என்று முன்கூட்டியே முடிவுகட்டுவதால் பஞ்சம் வருகிறது.

ஒரு சாய்கோடு செய்த புரட்சி

அந்தப் பொறியாளர்கள் அழுதுகொண்டிருக்கவில்லை. 1993 செப்டம்பரில் ஆர்எஃப்சி 1519 வெளிவந்தது. எழுதியவர்கள் நான்கு பேர்: வின்ஸ் ஃபுல்லர், டோனி லி, ஜெசிகா யூ, கண்ணன் வரதன். அதற்கு அவர்கள் வைத்த பெயர் கிளாஸ்லெஸ் இன்டர்டொமைன் ரௌட்டிங், சுருக்கமாக சைடர்.

என்ன செய்தார்கள்? நெட்வொர்க் பகுதி எங்கே முடிகிறது என்பதை முதல் பிட்டுகளைப் பார்த்து ஊகிக்கும் வழக்கத்தை ஒழித்தார்கள். எத்தனை பிட் என்று முகவரிக்குப் பக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்லவைத்தார்கள்; அதைத்தான் இன்று ஒரு சாய்கோடு போட்டு எழுதுகிறோம். /24 என்றால் 254 கருவிகள். /23 என்றால் 510. /22 என்றால் 1,022. /27 என்றால் 30. எட்டிலும் பதினாறிலும் இருபத்து நான்கிலும் மட்டுமே நின்றுகொண்டிருந்த கோடு, தேவைப்பட்ட இடத்துக்கு நகர்ந்தது. அறுநூறு கணினி இருந்த கல்லூரிக்கு ஒரு /22 போதும். அறுபதாயிரம் பாழாக வேண்டியதில்லை.

யோசித்துப் பார். ஒரு கம்பியும் மாறவில்லை. 32 பிட் என்ற நீளம் மாறவில்லை. கையிலிருந்த எண்களும் அதே எண்கள்தான். படிக்கும் முறை மாறியது, இணையம் பிழைத்தது!

உன் ஊர் மாறாது. உன் பள்ளி மாறாது. உன் அப்பாவின் தொழில் மாறாது. அவை உன் முதல் பிட்டுகள், இருக்கட்டும். ஆனால் அவற்றிலிருந்து உன் எல்லையை ஊகிக்கும் உரிமையை நீ யாருக்கும் கொடுக்காதே. உன் சாய்கோட்டை நீயே போடு. "நான் இந்தக் கல்லூரி" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் கேட்கிறவன் உன் எல்லையை ஊகிப்பான். "இந்தக் கல்லூரி, இதைக் கட்டினேன், இதைக் கற்றேன், இந்தச் சிக்கலைத் தீர்த்தேன்" என்று பக்கத்திலேயே எழுதிக் காட்டு. ஊகத்துக்கு இடமிருக்காது.

சைடரில் இன்னொரு நுட்பமும் உண்டு. பக்கத்துப் பக்கத்து கிளாஸ் சி இரண்டைச் சேர்த்து ஒரே /23 ஆக்கலாம். நான்கைச் சேர்த்து /22 ஆக்கலாம். எட்டைச் சேர்த்தால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கருவிகளுக்கு இடம்; உலக அட்டவணையிலோ ஒரே வரி! ஆனால் பக்கத்தில் இருப்பது மட்டும் போதாது. 192.168.2.0, 192.168.3.0 இரண்டும் சேர்ந்து /23 ஆகும். 192.168.3.0, 192.168.4.0 சேராது, அடுத்தடுத்த எண்களாக இருந்தும் எல்லை பொருந்தாது.

சிறியவர்கள் சேர்ந்தால் பெரியவர்கள் ஆகலாம். ஆனால் யாரோடு சேர்கிறாய் என்று பார்த்துச் சேர். விடுதியில் பக்கத்து அறை என்பதற்காக, ஒரே பேருந்தில் வருகிறான் என்பதற்காகச் சேராதே. உன் இலக்கோடு எவன் இலக்குப் பொருந்துகிறதோ, அவன் தோளில் கை போடு. அப்படி நான்கு பேர் உட்கார்ந்து படித்தால், ஆளுக்கொரு புத்தகத்தோடு தனித்தனியாக முட்டிக்கொள்ளும் நாற்பது பேரை மிஞ்சலாம்.

ரௌட்டர் வகுப்பு கேட்பதில்லை

இன்றைய ரௌட்டரிடம் ஒரு பாக்கெட், அதாவது ஒரு சிறு தகவல் பொட்டலம், வருகிறது. போக வேண்டிய இடத்துக்கு அட்டவணையில் இரண்டு வழிகள் பொருந்துகின்றன. ஒன்று மாபெரும் /8. இன்னொன்று சின்னஞ்சிறு /24. ரௌட்டர் எதைத் தேர்ந்தெடுக்கும்?

/24-ஐத்தான்! எது மிகத் துல்லியமாகப் பொருந்துகிறதோ அதுதான் வெல்லும். ஒன்றரைக் கோடி முகவரிகளைக் கையில் வைத்திருப்பவனை ஒதுக்கிவிட்டு, 256 முகவரிகளைத் துல்லியமாகச் சொன்னவனிடம் பாக்கெட் போகும். ரௌட்டிங்கின் அடிப்படை விதி இது.

இந்த விதியின் பலத்தை 2008 பிப்ரவரி 24 அன்று உலகம் நேரில் பார்த்தது. யூடியூபைத் தன் நாட்டுக்குள் மட்டும் முடக்கப்போன பாகிஸ்தான் டெலிகாம், யூடியூபின் முகவரிகளில் ஒரு /24-ஐத் தன்னுடையதாக அறிவித்தது. அந்த அறிவிப்பு வெளியுலகத்துக்கும் கசிந்துவிட்டது. யூடியூப் அறிவித்திருந்ததோ ஒரு /22. நான்கு மடங்கு பெரியது. ஆனாலும் உலகத்தின் ரௌட்டர்கள் /24 பக்கம் திரும்பிவிட்டன. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக உலகின் பல பகுதிகளில் யூடியூப் திறக்கவில்லை. யூடியூப் பொறியாளர்கள் எப்படித் திருப்பி அடித்தார்கள் தெரியுமா? இன்னும் பெரிதாக அறிவித்து அல்ல. இன்னும் சிறிதாக, /24 ஆகவும் பிறகு /25 ஆகவும் அறிவித்தார்கள்.

பாகிஸ்தானில் நடந்தது தவறுதான். ஆனால் இரு தரப்பும் பிடித்த ஆயுதம் ஒன்றே: துல்லியம். "எனக்கு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரியும்" என்பவன் /8. "இந்த ஒரு வேலையை என்னிடம் கொடுங்கள், பிழையில்லாமல் முடித்துத் தருகிறேன்" என்பவன் /24. பெரிய பட்டம், பெரிய பெயர், பெரிய நகரம் எல்லாவற்றையும் தாண்டி வேலை வந்து நிற்கும் இடம் இரண்டாமவனின் வாசல். ஒரு துறையைப் பிடி; அதற்குள் ஒரு மூலையைப் பிடி; அந்த மூலையில் உன்னைவிடப் பொருத்தமானவன் இல்லை என்னும்படி உழை!

முதலில் உனக்கு நீயே பிங் செய்

கிளாஸ் ஏ-யின் முதல் எண் 126-ல் நின்றது, கிளாஸ் பி 128-ல் தொடங்கியது என்றேன். நடுவில் இருந்த 127 எங்கே போனது?

அந்த முழு நெட்வொர்க்கையும், ஒரு கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகளோடு, ஒரு கணினி தன்னோடு தானே பேசிக்கொள்வதற்காக எடுத்து வைத்துவிட்டார்கள். 127.0.0.1-க்கு அனுப்பும் பாக்கெட் கம்பியைத் தொடாது. உள்ளேயே சுற்றி உன்னிடமே திரும்பும்.

நெட்வொர்க் வேலை செய்யவில்லை என்றால் அனுபவமுள்ள டெக்னீஷியன் எடுத்தவுடன் இணைய நிறுவனத்தைத் திட்டமாட்டார். முதலில் 127.0.0.1-க்கு பிங் கொடுப்பார், அதாவது "இருக்கிறாயா?" என்று கேட்டு அனுப்புவார். அது பதில் சொன்னால் உள்ளே எல்லாம் சரி. அடுத்து தன் முகவரிக்கு, அடுத்து ரௌட்டருக்கு, அதன் பிறகு வெளியுலகத்துக்கு. உள்ளிருந்து வெளியே, படிப்படியாக.

நீ என்ன செய்கிறாய்? தோற்றவுடன் வெளியுலகத்தைச் சோதிக்கிறாய். கேள்வித்தாள் சரியில்லை, இன்டர்வியூ எடுத்தவர் சரியில்லை, காலம் சரியில்லை. இருக்கலாம், அவற்றில் உண்மையும் இருக்கலாம். ஆனால் உன் 127.0.0.1 பதில் சொல்கிறதா? இரவில் தனியாக உட்கார்ந்து, "நான் உண்மையாகவே தயாரானேனா? என்னால் முடியும் என்று எனக்கே தெரிகிறதா?" என்று கேட்டால் உள்ளிருந்து மறுமொழி வருகிறதா? அந்த மறுமொழிதான் தன்னம்பிக்கை. அது வராமல் ஊர் முழுக்கக் கைதட்டினாலும் உபயோகமில்லை. அது வந்துவிட்டால் ஊர் முழுக்கச் சிரித்தாலும் கவலையில்லை!

வீட்டுக்குள்ளிருந்து உலகத்துக்கு

10 என்ற எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. அது ஒரு காலத்தில் ஆர்பாநெட்டின் நெட்வொர்க் எண். இணையத்துக்கே தாயான ஆர்பாநெட்! 1990-ல் ஆர்பாநெட்டை மூடினார்கள். காலியான அந்த எண்ணை எந்த நிறுவனத்துக்கும் கொடுக்காமல், யார் வேண்டுமானாலும் தங்கள் கட்டடத்துக்குள் பயன்படுத்திக்கொள்ளும் பொதுச்சொத்தாக்கினார்கள். அதோடு 172.16 முதல் 172.31 வரை 16 கிளாஸ் பி-களையும், 192.168 என்று தொடங்கும் 256 கிளாஸ் சி-களையும் சேர்த்தார்கள். 1996 பிப்ரவரியில் வெளிவந்த ஆர்எஃப்சி 1918-ல் இது உறுதியானது.

உன் வீட்டு வைஃபையில் போய்ப் பார். உன் கருவியின் முகவரி பெரும்பாலும் 192.168 என்றோ 10 என்றோதான் தொடங்கும். அதே முகவரி பக்கத்து வீட்டிலும் இருக்கலாம். பிரேசிலில் ஒரு கடையிலும் இருக்கலாம். வெளியுலகத்துக்கு அந்த முகவரி தெரியாது. ஆனாலும் உன் கோரிக்கை உலகத்தின் எந்த சர்வர்வரையும் போய்ப் பதிலோடு திரும்புகிறது. வாசலில் நிற்கும் ரௌட்டர், நாட் என்ற முறையில், உன் முகவரியைத் தன் முகவரியாக மாற்றி அனுப்பிவைக்கிறது. 1994-ல் வந்த இந்த ஏற்பாட்டால்தான் ஒரே பொதுமுகவரியின் பின்னால் ஒரு கல்லூரியே இயங்குகிறது.

"என்னை யாருக்கும் தெரியாதே" என்று புலம்புகிறாயா? தெரியாத முகவரிகளிலிருந்துதான் இன்று உலகத்தின் பெரும்பாலான கேள்விகள் கிளம்புகின்றன. பெயர் தெரிந்த பிறகு வேலையைத் தொடங்கலாம் என்று காத்திருந்தால் வேலையும் நடக்காது, பெயரும் வராது. தொடங்கு. உன் பெயரை வெளியே சுமந்துபோக ஒரு நல்ல ஆசிரியரோ, ஒரு நல்ல குழுவோ, நீ செய்த வேலையோ வழியில் வந்து சேரும்.

கிளாஸ் ஈ ஆகிவிடாதே!

சி-க்குப் பிறகு மிச்சமிருந்தவை டி, ஈ. இரண்டுமே கடைசி வரிசை. 224 முதல் 239 வரை டி. 240 முதல் 255 வரை ஈ.

டி-க்கு ஸ்டீவ் டீரிங் என்ற ஆய்வாளர் வேலை கொடுத்தார். ஒருவர் ஒருமுறை அனுப்பினால், கேட்க விரும்பிய எல்லோருக்கும் போய்ச் சேரும் மல்டிகாஸ்ட் முறை அது. இன்றும் பெரிய நெட்வொர்க்குகளில் ரௌட்டர்கள் தங்களுக்குள் வழி விசாரித்துக்கொள்வது 224 என்று தொடங்கும் முகவரிகளில்தான்.

ஈ? "எதிர்காலப் பயன்பாட்டுக்கு" என்று 1980-களில் எழுதி ஒதுக்கி வைத்தார்கள். மொத்தம் 26 கோடியே 84 லட்சம் முகவரிகள். பிறகு தட்டுப்பாடு வந்தது. திவாலாகியிருந்த நார்டெல் நிறுவனத்தின் 6,66,624 முகவரிகளை 2011-ல் மைக்ரோசாஃப்ட் 75 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. முகவரிக்குப் பதினோரு டாலருக்கும் மேல்! அப்படிப்பட்ட காலத்திலும் கிளாஸ் ஈ சும்மாவே கிடந்தது; இன்றும் சும்மாதான் கிடக்கிறது. ஏன் எடுத்துப் பயன்படுத்தவில்லை? நீண்ட காலம் பயன்படாமல் கிடந்ததால், "இது செல்லாத முகவரி" என்று எத்தனையோ கருவிகளின் மென்பொருளிலேயே எழுதிவிட்டார்கள். இப்போது எடுத்துக் கொடுத்தாலும் அந்தக் கருவிகள் ஏற்காது.

தம்பி, தங்கையே, இதை நெஞ்சில் எழுதிக்கொள். "அடுத்த வருஷம் பார்க்கலாம்", "இந்த செமஸ்டர் முடியட்டும்", "கல்யாணத்துக்கு அப்புறம் ஆரம்பிக்கலாம்" என்று உன் திறமையை எதிர்காலத்துக்கு ஒதுக்கி வைக்கிறாயே, அது பத்திரமாக இருக்கும் என்றா நினைக்கிறாய்? நீ பயன்படுத்தாத திறமையைக் கணக்கில் எடுக்காமலே உலகம் தன் விதிகளை எழுதிக்கொண்டு போய்விடும். பிறகு நீ எடுத்து நீட்டினாலும் வாங்க ஆளிருக்காது. டி-யும் கடைசி வரிசைதான், வேலையைப் பிடித்துக்கொண்டது. ஈ காத்திருந்தது. இன்னும் காத்திருக்கிறது.

குறைவாகப் பெற்றவர்கள் முந்திய கதை

2011 பிப்ரவரி 3. உலகப் பொதுக் கையிருப்பிலிருந்த கடைசி ஐந்து /8 தொகுதிகளையும் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். பழைய முகவரிகளின் பெட்டகம் காலி.

மாற்று வழி 1995-லேயே எழுதப்பட்டிருந்தது: ஐபிவி6. 128 பிட் நீளம். அதில் ஏ, பி, சி என்ற பேச்சே கிடையாது. வீட்டில் இருக்கும் ஒரே ஒரு சாதாரண நெட்வொர்க்குக்கே 64 பிட் இடம். பழைய இணையம் மொத்தமும் 32 பிட்டுக்குள் அடங்கியது என்பதை நினைத்துக்கொள். உன் வீட்டு நெட்வொர்க் ஒன்றே பழைய இணையத்தைப்போல் 429 கோடி மடங்கு பெரியது!

இந்தப் புதிய வழிக்கு யார் வேகமாகப் போனார்கள்? பழைய முகவரிகளைக் குவித்து வைத்திருந்தவர்களுக்கு அவசரம் இல்லை. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் இந்தியாவின் கையிலிருந்த பழைய முகவரிகள் மிகச் சொற்பம். 2016 செப்டம்பரில் ஜியோ கோடிக்கணக்கான புதிய செல்பேசிகளை இணையத்துக்குள் கொண்டுவந்தபோது பழைய முகவரியை நம்பியிருக்க வழியே இல்லை. ஐபிவி6-ஐத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. விளைவு என்ன? இன்று இந்தியாவின் இணையப் பயனர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஐபிவி6-ல் இருக்கிறார்கள். இணையம் பிறந்த அமெரிக்காவைவிட இது அதிகம்.

பற்றாக்குறை தள்ளியது, தள்ளிய திசையில் நாடே ஓடி முந்தியது. உனக்கு இல்லாதவற்றின் பட்டியலைத் தினமும் எடுத்துப் படிக்கிறாயே, அதே பட்டியல்தான் உன்னைப் புதிய வழிக்குத் தள்ளும் காற்றும். பழைய பாதையில் சொத்து வைத்திருப்பவன் அதை விட்டு நகரத் தயங்குவான். உனக்கு விட்டுப்போக என்ன இருக்கிறது? புதிதாக ஒரு துறை பிறக்கும்போது எல்லோரும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். அங்கே முதல் ஆளாகப் போய் நில்!

விதியை மாற்றி எழுது

ஒன்றை மறந்துவிடாதே. முகவரி தானாக எழுந்து தன் வகுப்பை மாற்றிக்கொள்ளவில்லை. 1990-ல் ஆபத்தைக் கண்டு சொன்னவர்கள் இருந்தார்கள். மூன்று ஆண்டுகள் வாதாடி, எழுதி, திருத்தி, உலகத்தின் ரௌட்டர்களை மாற்றவைத்தவர்கள் இருந்தார்கள். கோடு தானாக நகராது; கை வேண்டும்.

உன் வாழ்க்கையில் அந்த முகவரியும் நீதான், அந்தப் பொறியாளரும் நீதான். உனக்காக வான்கூவரில் யாரும் கூட்டம் போடப்போவதில்லை. உன் பெயரில் யாரும் ஆவணம் எழுதப்போவதில்லை. இன்றே உட்கார். கையில் இருப்பது என்ன என்று எழுது. அதில் வீணாகக் கிடப்பது எது என்று குறி. எந்த ஒரு வேலையில் துல்லியமாவாய் என்று தீர்மானி. யாரோடு சேர்வாய் என்று தேர்ந்தெடு. நாளைக் காலை முதல் வேலையைத் தொடங்கு.

நம் கல்லூரிகளில் இன்னும் தேர்வுகளில் கேட்கிறார்கள்: "இந்த ஐபி முகவரி எந்த வகுப்பைச் சேர்ந்தது?" இணையம் 1993-லேயே கைவிட்ட கேள்வி அது. மதிப்பெண்ணுக்காக விடை எழுது. ஏ, பி, சி என்று சரியாகவே எழுது. ஆனால் "நீ எந்த வகுப்பு?" என்று உன்னைப் பார்த்து எவன் கேட்டாலும் பதில் சொல்லாதே. வேலையைச் செய்து காட்டு!